மூன்று மாப்பிள்ளைமார் இருந்த கணினி

ஹஃபீலா சாச்சி கணினியில் சில வேலைகளைத் தொடங்குவதற்கு முன் தலைத்துணியைச் சரிசெய்வார். எல்லா வேலைக்கும் அல்ல. அடையாள அட்டையை ஃபோட்டோக்கொப்பி எடுக்கும்போது துணி தோளில் கிடந்தாலும் கவலைப்படமாட்டார். சீட்டுக்கட்டு விளையாடும்போது அது கதிரையின் முதுகில் தொங்கும். ஆனால் திரையின் இடது ஓரத்தில் இருக்கும் இரண்டு சின்னங்களில் ஒன்றைத் தொடுவதென்றால் மட்டும் சுட்டியை விட்டுவிடுவார். இரண்டு கைகளாலும் துணியின் விளிம்பை நெற்றிவரை இழுப்பார். இடது முனையைக் காதுக்குப் பின்னால் செருகி, வலது முனையைத் தோளுக்கு மேலாக முதுகில் எறிவார். பிறகு ஆட்காட்டி விரலால் என்டர் பொத்தானைத் துடைப்பார். அவருடைய கடை இருக்கும் பாலாவிச் சந்தியில் எதன் மீதும் இரண்டு வகைத் தூசி படியும். சீமெந்து லொறி போனால் சாம்பல். உப்பு லொறி போனால் வெள்ளை. விரல் நுனியைப் பார்த்து, கடைசியாகப் போனது எது என்று சொல்லிவிட்டுத்தான் அழுத்துவார்.

கறுப்புச் சாளரம் ஒன்று திறக்கும். அதில் ஒரு கட்டளையை அடித்து, பதிலாக வரும் எண்ணை வாய்விட்டு வாசிப்பார்.

"ரெண்டு புள்ளி ஏழு. ஓம், அவருதான்."

அந்த அவர் யார் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் போனது. கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். நான் கேட்கிற ஆள் அல்ல.

அந்தக் கடைக்கு நான் போவது அச்செடுக்க. என்னுடைய கவிதையில் ஒரு பக்கத்துக்கு ஏழெட்டு வரிதான் இருக்கும். "மகன், மிச்சமெல்லாம் வெறும் தாளா வருது, பரவாயில்லயா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். பரவாயில்லை என்று தலையாட்டுவேன். வெறும் தாளுக்கு முழுக் காசு வாங்க அவருக்கு மனம் வராது, பாதிதான் எடுப்பார். முறை வரும்வரை ஃபோட்டோக்கொப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருப்பேன். அந்தக் கதிரையிலிருந்து திரையும் தெரியும். வீட்டுக் கூடத்துக்குப் போகும் திரைச்சீலையும் தெரியும். காற்றடித்தால் கூடமும் தெரியும்.

கடை என்றால் வீட்டின் முன்னறைதான். முன்பு அது கொமியுனிகேஷன். வெளிநாட்டுக்குக் கோல் எடுக்க ஆட்கள் வரிசையில் நின்ற இடம். எல்லார் கையிலும் தொலைபேசி வந்த பிறகு ஒரு கணினி, ஒரு ஃபோட்டோக்கொப்பி இயந்திரம், சாச்சி ஆகிய மூவரும் மிஞ்சினார்கள். கணினியில் இரண்டு முக்கியமான திட்டங்கள் ஓடின. ஒன்று பள்ளிவாசலுடையது. நோன்பு மாதத்தில் எந்த வீட்டுக்கு எத்தனை பேருக்குக் கஞ்சி என்று அட்டை அச்சடிப்பது. அதை எழுதிய பையன் இப்போது கட்டாரில். மற்றது இன்னாசிப்பிள்ளை என்ற பஸ்காரருடையது. தலவிலத் தேவாலயத்தின் அன்னம்மாள் திருநாளுக்கு ஆட்களை ஏற்றிப்போகும்போது யாரை எந்த இருக்கையில் இருத்துவது என்று அது சொல்லும். முழங்கால் வருத்தக்காரருக்கு முன் இருக்கை, குடும்பம் பிரியக்கூடாது, வாந்தி எடுப்பவருக்கு யன்னல். அதை எழுதியவன் அவருடைய தங்கை மகன் நிரோசன். அவன் இத்தாலியில்.

இரண்டும் பைதன் என்ற கணினி மொழியில் எழுதியவை. ஆனால் ஒன்றே அல்ல. அந்த மொழிக்கு வருடத்துக்கு ஒரு புது வேர்ஷன் வரும். பழையதற்கு எழுதியது சிலவேளை புதியதற்கு விளங்காது. கஞ்சி அட்டைக்கு இரண்டு புள்ளி ஏழுதான் வேண்டும். பஸ்ஸுக்கு மூன்று புள்ளி ஆறு. ஆகவே இரண்டையும் ஒரே கணினியில் வைத்திருந்தார். ஒன்றைத் திறக்கும்போது மற்றது எழும்பி வந்துவிடாமல் பார்க்கவேண்டும். இதைப் பற்றி வெளியில் படித்தவர்கள் எல்லாம் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள் என்று நான் பிறகு வாசித்தேன். சாச்சி பிய்த்துக்கொள்ளவில்லை. அவர் வீட்டில் அப்போது இரண்டு மருமகன்மார் இருந்தார்கள்.

மூத்த மகளின் கணவர் கற்பிட்டிக்காரர், இறால் பண்ணையில் மேற்பார்வை. இரண்டாமவளின் கணவர் கரைத்தீவுக்காரர், முச்சக்கரவண்டி ஓட்டுகிறவர், அமைதியானவர், எப்போதும் பசியோடு இருப்பவர். மருமகனின் பெயரைச் சாச்சி வாயால் சொல்லமாட்டார். மூத்த மாப்பிள்ளை, இளைய மாப்பிள்ளை. அவ்வளவுதான். நேருக்கு நேர் கதைக்கவும் மாட்டார். சொல்லவேண்டியதை மகளிடம் சொல்வார். மகள் இல்லையென்றால் ஃபோட்டோக்கொப்பி இயந்திரத்திடம் சொல்வார்.

"கூடத்துல நிண்டுகிட்டு வெறும் 'மாப்பிள்ள' எண்டு கூப்பிடக்கூடாது, மகன்," என்று ஒருநாள் அவராகவே எனக்கு விளக்கினார். "ஒண்டில் ரெண்டு பேரும் வருவாங்க. இல்லாட்டி மத்தவரத்தான் கூப்பிட்டது எண்டு ரெண்டு பேரும் வராம இருப்பாங்க. ஒருத்தருக்குச் சீனி இல்லாத தேத்தண்ணி, ஒருத்தருக்கு மூணு கரண்டி. கோப்ப மாறினா அண்டைக்கு முழுக்க முகம் தொங்கும். இதுவும் அப்பிடித்தான். வெறும் பைதன் எண்டு கூப்பிட்டா ஆரு வருவாரு எண்டு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்."

ஆகவே இரண்டு வேர்ஷனையும் தனித்தனிக் கோப்புறையில் வைத்து, ஆங்கில எழுத்தில் ஒன்றுக்கு மூத்த என்றும் மற்றதற்கு இளைய என்றும் பெயரிட்டிருந்தார். தலைத்துணியை இழுத்துவிட்டதற்குக் காரணமும் அதுதான். மாப்பிள்ளை கூடத்துக்கு வரும்போது மாமியின் தலை திறந்திருக்கலாமா?

இப்படிக் குறைவில்லாமல் போய்க்கொண்டிருந்தது. மூன்றாவது மகள் றிஸ்லாவுக்கு நிக்காஹ் ஆகும்வரை.

மாப்பிள்ளையின் பெயர் அஃப்ராஸ். சிலாபம். கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. பாதி நாள் வீட்டிலிருந்தே செய்வார். நிக்காஹ் மட்டும் முடிந்திருந்தது. விருந்தும், அவர் இங்கே குடிவருவதும் தலவிலத் திருநாளுக்குப் பின் என்று பேச்சு. பெண்ணுக்கு வீட்டில் ஓர் அறை கொடுக்கவேண்டும். வீட்டில் இருந்த அறைகள் மூத்தவளுக்கும் நடுவிலாளுக்கும் சாச்சி சாச்சாவுக்கும் சரியாகப் போயிருந்தன. மிச்சம் இருந்தது முன்னறை.

சாச்சா என்றால் மஸாஹிர் சாச்சா, அவருடைய கணவர், ஒரு காலத்தில் லொறிக்காரர். நான் எட்டு வரி அச்செடுக்கக் காத்திருந்த ஒரு பின்னேரம் திரைச்சீலைக்குப் பின்னால் இந்தக் கதை நடந்தது.

"முன்னறைய ஒழிச்சாத்தான் சரி. புது மாப்பிள்ள எங்க படுப்பாரு? ஃபோட்டோக்கொப்பி மெசினுக்கு மேலயா?"

"பின்வளவுல எடம் இல்லயா, றிஸ்லாட வாப்பா?"

"பின்வளவுல லொறி நிக்கிது."

"லொறி நிக்கல்ல. லொறி கெடக்கு. நிக்கிறதுக்கு டயர் வேணும்."

"எஞ்சின் நல்லம் அதுக்கு."

"எஞ்சினுக்குள்ள கோழி முட்ட போடுது."

 அந்த லொறி ஓடி எத்தனை வருடம் என்பது அந்த வீட்டில் யாரும் கேட்காத கேள்வி. அப்போது மூத்த மாப்பிள்ளை இருமிக்கொண்டு கூடத்துக்கு வந்தார்.

"மாமி, இந்தக் காலத்துல ஒரு பெரிய கம்பியூட்டரும் அதுக்கொரு அறையும் என்னத்துக்கு? அந்த ரெண்டு பழசயும் வீசிட்டு, எல்லாத்தையும் ஒரே புது வேர்ஷன்ல போட்டு ஒரு லப்டொப்ல குடுத்தா, குசினியில வெச்சே பாக்கலாமே."

சாச்சி திரைச்சீலையை விலக்கி முன்னறைக்கு வந்து ஃபோட்டோக்கொப்பி இயந்திரத்தின் முன் நின்றார்.

"பாத்தியா? கஞ்சிப் பானைக்குப் பக்கத்துல வெச்சுக் கஞ்சி அட்ட அடிக்கட்டுமாம்," என்று அதனிடம் சொன்னார்.  

அடுத்த வெள்ளிக்கிழமை அஃப்ராஸ் காலைச் சாப்பாட்டுக்கு வந்தார். மெலிந்த ஆள், கண்ணாடி, சட்டைப் பையில் ஒரு பென்ட்ரைவ். வட்டிலாப்பத்தை மூன்றாம் தரம் வைத்தபோதும் வேண்டாமென்று சொல்லத் தெரியவில்லை. சாப்பிட்ட களைக்கு முன்னறை வாங்கில் கொஞ்ச நேரம் கண்ணை மூடப் பார்த்தார். சந்தியில் லொறிக்காரர்கள் ஒவ்வொருவராக ஹோர்ன் அடித்து அவரை எழுப்பினார்கள். எழும்பியவர் சும்மா இருக்கப் பிடிக்காமல், கல்யாண விருந்துக்கு ஒரு சின்னத் திட்டம் எழுதித் தருவதாக றிஸ்லாவிடம் சொன்னார்.

எங்கள் விருந்தில் ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் இருந்து ஒரே தட்டில் சாப்பிடுவது. ஆறு பேரும் ஆளுக்காள் கதைபேசுகிறவர்களாக இருக்கவேண்டும். அங்கேதான் சிக்கல். காணி எல்லையில் கோபித்தவர், சம்பந்தம் பேசிக் குழம்பியவர், போன விருந்தில் இறைச்சித் துண்டு வராதவர் என்று ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு கணக்கு உண்டு. யார் யாருக்கு ஆகாது என்று சொன்னால் போதும், சண்டைக்காரர் ஒரே சஹனில் சேராமல் அந்தத் திட்டம் பிரித்துத் தரும். அதற்கு மூன்று புள்ளி பன்னிரண்டு வேண்டும்.

"பழைய ரெண்டிலயும் கை வெக்கமாட்டன்," என்று அவர் றிஸ்லாவிடம் சொன்னார், சாச்சிக்குக் கேட்கும்படி. "புதுசத் தனியா ஒரு ஃபோல்டர்ல போடுவன். உம்மாக்கிட்டக் கேளுங்க, ஃபோல்டருக்கு என்ன பேரு வெக்கிறது?"

திரைச்சீலைக்குப் பின்னால் கோப்பை கழுவும் சத்தம் நின்றது. பிறகு சாச்சியின் குரல்:

"ஜும்ஆவுக்குப் போயிட்டு வரட்டும், றிஸ்லா. வந்ததும் போடலாம்."

ஆண்கள் எல்லாரும் பள்ளிக்குப் போயிருந்த அந்த நேரத்தில் சாச்சி தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு கணினியின் முன் உட்கார்ந்ததை நான் பார்க்கவில்லை, நானும் பள்ளியில்தான் இருந்தேன். திரும்பி வந்து பார்த்தபோது திரையில் மூத்த என்றும் நடு என்றும் இரண்டு கோப்புறைகள் இருந்தன. அஃப்ராஸ் தன்னுடையதற்கு இளைய என்று பெயர் வைத்து, சஹன் திட்டத்தை ஏற்றி, ஓட்டிக் காட்டினார். அது ஓடியது. சாச்சா அவரைத் தனியே கூப்பிட்டார். தனியே என்றால் என் கதிரைக்குப் பக்கத்தில்.

"மகன், அந்தக் கஞ்சி, அந்த பஸ், எல்லாத்தையும் ஒங்கட புதுசுல ஒண்டாச் சுருக்க ஏலுமா எண்டு பாத்துச் சொல்லுங்க. ஏலுமெண்டா இந்தப் பெரிய சாமானும் வேணாம், அறையும் ஒங்களுக்கு. மாமிக்கு ஒரு லப்டொப் வாங்கிக் குடுப்பம்."

"பாக்கிறன், மாமா," என்றார் அஃப்ராஸ். கோப்புகளைப் பென்ட்ரைவில் எடுத்துக்கொண்டு சிலாபம் பஸ் ஏறினார். அன்று முதல் சாச்சி சீட்டுக்கட்டு விளையாடவில்லை. அவருடைய அறை இப்போது சிலாபத்திலிருந்து வரப்போகும் ஒரு வார்த்தையில் இருந்தது. அந்த வார்த்தை என்னவென்று ஃபோனில் கேட்கவும் முடியாது. மாமி மாப்பிள்ளையிடம் அப்படிக் கேட்பதில்லை.

திருநாளுக்கு முந்தைய வாரம் இன்னாசிப்பிள்ளை வந்தார். பஸ்ஸுக்குப் பெயர் கொடுத்தவர்களில் பாதிப்பேரும் பின்னால் வந்திருந்தார்கள். தங்கள் இருக்கையை நேரில் பார்த்தால்தான் அவர்களுக்கு நம்பிக்கை.

"தங்கச்சி, இந்த முறை மாக்கிறட் அக்காவ முன்னுக்குப் போடணும். போன முறை பின்னுக்குப் போட்டு, தலவிலைக்குப் போறவரைக்கும் எனக்குச் சாபம்."

"அதெல்லாம் அது பாத்துக்கொள்ளும், இன்னாசியண்ணன்."

சாச்சி துணியைச் சரிசெய்தார். என்டரைத் துடைத்தார். "சீமெந்து," என்றார். கறுப்புச் சாளரத்தில் நடு என்ற கோப்புறையைக் கேட்டார். "மூணு புள்ளி ஆறு. ஓம், அவருதான்." பஸ் சின்னத்தை அழுத்தினார்.

பஸ் வரவில்லை. ஆங்கிலத்தில் நாலைந்து வரி வந்தது. தனக்கு வேண்டிய ஏதோ ஒன்று இங்கே இல்லை என்று அது சொன்னது. சாச்சி மூடித் திறந்தார். அதே வரிகள். கணினியை அணைத்து, ஸலவாத்து ஓதி, மீண்டும் போட்டார். அதே வரிகள். கஞ்சி அட்டையைத் திறந்து பார்த்தார். நோன்பு இல்லாத மாதத்தில் அது சந்தோஷமாகத் திறந்தது. சஹனும் திறந்தது. பஸ் மட்டும் இல்லை.

"ஆரு கை வெச்சது?" என்றார் இன்னாசிப்பிள்ளை.

"புதுசு வந்தது, பழசு படுத்திட்டு," என்றார் கூடத்திலிருந்து வந்த மூத்த மாப்பிள்ளை. "நான் அண்டைக்கே சொன்னன். ரெண்டு இருந்தாலே கரச்சல். இப்ப மூணு."

"பைதன் எண்டா மலப்பாம்பாமே," என்றார் சாச்சா. அவர் அதை அந்த வாரம்தான் அறிந்திருந்தார். "வீட்டுக்குள்ள மூணு மலப்பாம்பு! போதும், ஹஃபீலா. இது முடிஞ்சுது." சொல்லிக்கொண்டே ஃபோட்டோக்கொப்பி இயந்திரத்தின் ஒரு பக்கத்தைத் தூக்கினார். இயந்திரம் தூக்க வராததால் என்னைப் பார்த்தார். நான் என் பேப்பரைப் பார்த்தேன்.

"புது மாப்பிள்ளைக்கு ஒரு கோல் எடுங்களேன், தங்கச்சி. அவர் வேல தெரிஞ்சவர்தானே," என்றார் இன்னாசிப்பிள்ளை.

"வேணாம்!" சாச்சியின் முகம் சிவந்துவிட்டது. "விருந்து முடியல்ல. அவருக்குக் கோல் எடுத்து, நீங்க வந்துபோன நாளிலிருந்து பஸ் ஓடல்ல எண்டு சொல்லவா? மாமி வீட்டால அவருக்கு வாற முதல் கதை அதுவா?"

"அப்ப என்ர சனத்த எங்க இருத்துறது? மாக்கிறட் அக்கா வாசல்ல நிக்கிறா."

"நாளைக்கு வாங்க."

"நாளைக்கும் வராட்டி?" என்றார் சாச்சா.

சாச்சி மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருந்தார். "வராட்டி அறைய எடுங்க," என்றார். இயந்திரத்திடம் அல்ல, நேராக அவரிடமே.

றிஸ்லாவுக்கு இந்தச் சட்டங்கள் இல்லை. அவள் குசினிக்குப் போய்க் கோல் எடுத்தாள்.

அடுத்த நாள் காலையில் அஃப்ராஸ் சிலாபம் பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே முன்னறைக்கு வந்தார். ஸலாம் சொல்லி உட்கார்ந்தார். பஸ் சின்னத்தை அழுத்தினார். வரிகளை வாசித்தார். மூன்று வேர்ஷனும் தத்தம் இடத்தில் நலமாக இருந்தன. "வெளங்குதில்ல," என்று கண்ணாடியைத் துடைத்தார். இன்னாசிப்பிள்ளை அவர் முதுகுக்குப் பின்னால் நின்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். மூத்த மாப்பிள்ளை கதவில் சாய்ந்திருந்தார். சாச்சா அளவுநாடா ஒன்றோடு அறையின் அகலத்தை அளந்துகொண்டிருந்தார்.

கூடத்தில் கோப்பைச் சத்தம் கேட்டது. சாச்சியின் குரல் திரைச்சீலைக்கு மேலாக வந்தது:

"இளைய மாப்பிள்ளைக்குத் தேத்தண்ணி வெச்சிரிக்கு!"

அஃப்ராஸ் அசையவில்லை. தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஆனால் அப்போதுதான் ஒரு ஹயர் ஓட்டம் முடித்துப் பின்வாசலால் வந்த கரைத்தீவுக்காரர் அசைந்தார். காற்றில் திரைச்சீலை விலகியபோது நான் பார்த்தேன்: தட்டில் தேத்தண்ணி, முந்திரிப்பருப்பு, முட்டை, இரண்டு வாழைப்பழம். வழக்கத்தைவிட அதிகம்தான். அவர் ஆச்சரியப்பட்ட மாதிரி ஒரு கணம் நின்றார். பிறகு ஆச்சரியத்தை விட்டுவிட்டு முட்டையை எடுத்தார்.

"யா அல்லாஹ்! றிஸ்லா, அது புது மாப்பிள்ளட!"

கரைத்தீவுக்காரர் வாயில் முட்டையோடு நின்றார். "இளைய மாப்பிள்ள எண்டுதானே கூப்பிட்டீங்க, மாமி?"

"றிஸ்லா, சொல்லு அவருக்கு. அவரு இப்ப நடு மாப்பிள்ள. புதுசா வந்தவருதான் இளையவரு."

"எப்ப இருந்து?"

"நிக்காஹ் அண்டையிலிருந்து."

"எனக்கு ஒருத்தரும் சொல்லல்லயே," என்றார் அவர். உண்மையாகவே மனம் நொந்த குரல். "அஞ்சு வருசமா அந்தப் பேருக்கு எழும்பி வந்த ஆள் நான்."

முன்னறையில் அஃப்ராஸின் கை சுட்டியின் மீது அப்படியே நின்றது. மெதுவாகத் திரும்பினார்.

"றிஸ்லா, உம்மாக்கிட்டக் கேளுங்க. இதுல நடு எண்டு ஒரு ஃபோல்டர் இரிக்கே, அதுக்கு முந்தி என்ன பேரு?"

திரைச்சீலை விலகியது. சாச்சி வந்து நின்றார். துணி நெற்றிவரை இருந்தது. முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் ஏறியது. ஏறியதும் வெட்கமாக மாறியது.

"இளைய," என்றார்.

பஸ் திட்டத்தின் தொடக்கக் கோப்பை அஃப்ராஸ் திறந்து காட்டினார். இத்தாலிக்குப் போகுமுன் நிரோசன் எழுதியது: இளைய என்ற கோப்புறையில் இருப்பவரைக் கூப்பிடு. பஸ் அப்படியே கூப்பிட்டது. வந்தது பன்னிரண்டு. பஸ்ஸைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தவரோ பக்கத்தில் நடு என்ற பெயரோடு, யாரும் கூப்பிடாமல் இருந்தார்.

"பஸ்ஸுக்கும் ஒருத்தரும் சொல்லல்ல, மாமி," என்றார் அஃப்ராஸ்.

கூடத்திலிருந்து கரைத்தீவுக்காரர் சிரிக்கும் சத்தம் கேட்டது. முட்டை உள்ளே போயிருக்கவேண்டும்.

"பேரப் பழையபடி மாத்தினாச் சரிதானே," என்றார் இன்னாசிப்பிள்ளை.

"அப்ப புதுசா வந்தவர என்னெண்டு கூப்பிடுறது?" சாச்சி இயந்திரத்தைப் பார்த்துக் கேட்டார். "ரெண்டு இளைய மாப்பிள்ளயா வீட்டுல?"

"எங்கட வேலையில எல்லாரும் நம்பராலதான் கூப்பிடுற மாமி. மூணு ஆறு, மூணு பன்னெண்டு. அது எப்பவும் மாறாது," என்றார் அஃப்ராஸ்.

"மாப்பிள்ளய நம்பர் போட்டுக் கூப்பிடவா? வீடா இது, ஜெயிலா?"

"என்னைக் கரைத்தீவார் எண்டு கூப்பிடுங்க, மாமி," என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. "இன்னும் எத்தன பேரு வந்தாலும் நான் கரைத்தீவார்தான். அத ஒருத்தரும் மாத்த ஏலாது."

 மூத்த மாப்பிள்ளை கதவிலிருந்து நிமிர்ந்தார். கற்பிட்டி என்ற பெயர் தனக்கு எப்படி இருக்கும் என்று யோசித்திருக்கவேண்டும். அஃப்ராஸ் ஏற்கனவே எழுதத் தொடங்கியிருந்தார். கற்பிட்டி, கரைத்தீவு, சிலாபம். மூன்று கோப்புறை. இந்த முறை பெயர் மாறியதை ஒவ்வொரு திட்டத்துக்கும் சொல்லிவிட்டுத்தான் மாற்றினார். சாச்சி குனிந்து பஸ் சின்னத்தை அழுத்தினார்.

பஸ் வந்தது. நீல நிறத்தில், இருக்கை இருக்கையாக. மாக்கிறட் அக்கா சாரதிக்குப் பின்னால் முதல் இருக்கையில் இருந்தார்.

"அன்னம்மா தாயே!" என்றார் இன்னாசிப்பிள்ளை. "அல்ஹம்துலில்லாஹ்," என்றார் சாச்சி. இரண்டும் ஒன்றாகக் கேட்டன.

சாச்சா மட்டும் அளவுநாடாவைச் சுருட்டவில்லை. அதன் நுனியைச் சுவரில் பிடித்தபடியே கேட்டார்:

"அது சரி, மகன். நான் அண்டைக்குக் கேட்டதுக்கு நீங்க மறுமொழி சொல்லல்ல. எல்லாத்தையும் ஒங்கட புதுசுல ஒண்டாப் போட்டு ஒரு லப்டொப்ல குடுக்க ஏலுமா, ஏலாதா?"

எல்லாரும் அஃப்ராஸைப் பார்த்தார்கள். சாச்சி மட்டும் பார்க்கவில்லை. என்டர் பொத்தானைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதில் தூசி இருக்கவில்லை. வெளியே ஒரு உப்பு லொறி நீளமாக ஹோர்ன் அடித்துக்கொண்டு திரும்பியது. அது ஓயும்வரை அஃப்ராஸ் காத்திருந்தார்.

"ஏலாது மாமா."

"ஏலவே ஏலாதா?"

"மூணும் மூணு மாதிரி. இந்த மெசின்லதான், இந்த இடத்துலதான் இரிக்கணும். அசச்சா குழம்பிரும்."

சாச்சா அளவுநாடாவை விட்டார். அது டப்பென்று தானாகச் சுருண்டது. பின்வளவுப் பக்கமாகத் திரும்பிக் கொஞ்ச நேரம் பார்த்தார். அங்கே ஒரு கோழி கேறிற்று.

"மாப்பிள்ள," என்றார் சாச்சி. இயந்திரத்திடம் அல்ல, மகளிடமும் அல்ல. "வாங்க, வேற தேத்தண்ணி ஊத்துறன்."

திருநாள் நல்லபடி முடிந்தது. பஸ்ஸில் யாரும் யார் மீதும் வாந்தி எடுக்கவில்லை என்று இன்னாசிப்பிள்ளை வந்து சொன்னார். அந்த வாரமே சாச்சாவின் லொறியைப் புத்தளத்திலிருந்து வந்த ஒருவர் இன்னொரு லொறியில் ஏற்றிக்கொண்டு போனார். கோழி கொஞ்ச தூரம் பின்னால் ஓடியது. அந்த இடத்தில் கல்லும் தகரக்கூரையுமாக ஓர் அறை எழும்பியது. தெருவுக்குத் தூரம், சத்தமில்லாத அறை. விருந்தில் சஹன் திட்டம் ஒரு சண்டைக்காரரையும் மற்றவரோடு சேர்க்கவில்லை. ஆனால் லொறியைக் கொண்டுபோனவரைப் பற்றி அதற்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அவரும் சாச்சாவும் ஒரே சஹனில் வந்தார்கள். சாச்சா சோற்றைப் பார்த்தபடியே சாப்பிட்டு எழும்பினார்.

சாச்சி இப்போதும் முன்னறையில் இருக்கிறார். துணியைச் சரிசெய்கிறார், துடைக்கிறார், வாசிக்கிறார். "மூணு புள்ளி ஆறு. ஓம், கரைத்தீவார்தான்."

சில மாதம் கழித்து நான் அச்செடுக்கப் போனபோது சாச்சி கல்யாணம் ஒன்றுக்குப் போயிருந்தார். அஃப்ராஸ்தான் முன்னறையில் இருந்தார், மடியில் தன் லப்டொப்போடு. அச்செடுக்கவேண்டிய கோப்பை நான் காட்டுவதற்காக அதை என் பக்கமாகத் திருப்பினார். அதில் கஞ்சி அட்டை திறந்திருந்தது. பக்கத்தில் நீல நிற பஸ். அதற்குப் பக்கத்தில் சஹன். கறுப்புச் சாளரத்தில் ஒரே ஓர் எண்தான் இருந்தது: மூன்று புள்ளி பன்னிரண்டு.

நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

"பழசுல அரவாசிக்கு மேல, பிரின்ட் எண்ட சொல்லுக்குப் பக்கத்துல அடைப்புக்குறி போடுற வேலதான். முதல் வெள்ளிக்கிழம வந்துட்டுச் சிலாபத்துக்குத் திரும்புற பஸ்ஸிலேயே முடிச்சிட்டன்."